பாடியவர் பங்கு: ‘இன்சைட் லூவின் டேவிஸ்’ படத்தை முன்வைத்து



நாட்டார் இசை குறித்துப் பேச அழைத்தபோது, ஒரு திரைப்படத்தை எடுத்துக்கொண்டு பேசலாமா என்று கேட்டேன். அமைப்பாளர்கள் தயங்காமல் ஒப்புக்கொண்டார்கள். அவர்களுக்கு என் நன்றி.

படத்தின் பெயர் ‘இன்சைட் லூவின் டேவிஸ்’. ஜோயல் கோயன், ஈத்தன் கோயன் என்னும் அமெரிக்கச் சகோதரர்கள் எழுதி இயக்கி 2013இல் வெளிவந்தது. அந்த ஆண்டு கான் திரைப்பட விழாவில் கிராண்ட் பிரி விருது பெற்றது. 1961 பிப்ரவரி மாதம், நியூயார்க்கின் கிரீன்விச் வில்லேஜ் பகுதியில் வாழும் ஒரு நாட்டார் பாடகனின் ஏறத்தாழ ஒரு வாரம்தான் கதை. அவனுக்கு வீடு கிடையாது. அந்தக் குளிருக்கு உடுத்த நல்ல கோட்டும் கிடையாது. இன்று இவர் வீட்டுச் சோபா, நாளை அவர் வீட்டுத் தரை என்று இரவுகளைக் கழிக்கிறான். அவனோடு சேர்ந்து பாடிய நண்பன் மைக், ஜார்ஜ் வாஷிங்டன் பாலத்திலிருந்து குதித்து உயிரை விட்டுவிட்டான். பிறகு தனியாகப் பாடி வெளியிட்ட இசைத்தட்டு விலைபோகவில்லை. கேட்டால் அழுகைப் படம் என்று தோன்றும். ஆனால் அரங்கில் ஆட்கள் சிரிக்கிறார்கள். சிரித்து முடிப்பதற்குள் நெஞ்சு கனத்துப் போகிறது.

அந்தச் சிரிப்பு எங்கிருந்து வருகிறது என்பதைப் பற்றித்தான் இன்று பேசப்போகிறேன். எனக்குப் பட்ட விடையை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நாட்டார் பாட்டுக்கு ஆசிரியர் பெயர் இல்லை. வாய்க்கு வாய் மாறி, ஊருக்கு ஊர் நடந்து, பாடியவர் எவரையும் நினைவில் வைத்துக்கொள்ளாமல் வந்து சேர்வது அது. அப்படிப்பட்ட பாட்டைக் கையில் எடுத்துக்கொண்டு, தன் பெயரை நிலைநாட்டிப் பிழைக்க நினைக்கிறான் ஒருவன். பாட்டின் இயல்பு ஒரு பக்கம் இழுக்க, பாடகனின் வயிறு மறுபக்கம் இழுக்கிறது. படத்தின் நகைச்சுவையும் வேதனையும் ஒன்றாகப் பிறக்கும் இடம் அந்த இழுபறிதான்.

லூவின் டேவிஸ் கற்பனைப் பாத்திரம். ஆனால் அவனுக்குப் பின்னால் டேவ் வான் ராங்க் என்ற உண்மைப் பாடகர் நிற்கிறார். 1936இல் புருக்ளினில் பிறந்தவர். கொஞ்ச காலம் வணிகக் கப்பலில் வேலை பார்த்தவர். கறுப்பினப் புளூஸ் கலைஞர்களின் கிதார் வாசிப்பை ஊன்றிக் கற்றவர். 2002இல் மறைந்தார். அவருடைய தன்வரலாற்றை எலைஜா வால்ட் முடித்துக்கொடுக்க, ‘தி மேயர் ஆஃப் மக்டூகல் ஸ்ட்ரீட்’ என்ற பெயரில் 2005இல் அது வெளிவந்தது. கோயன் சகோதரர்கள் படத்துக்கான பல செய்திகளை அதிலிருந்து எடுத்துக்கொண்டார்கள். படத்தின் பெயரே ‘இன்சைட் டேவ் வான் ராங்க்’ என்ற 1963ஆம் ஆண்டு இசைத்தட்டை ஒட்டியதுதான். அந்த இசைத்தட்டின் அட்டைப்படத்தில் வாசலில் ஒரு பூனை தெரியும். படத்திலும் ஒரு பூனை கதை முழுக்க ஓடுகிறது. சிகாகோ வரை போய் ஆல்பர்ட் கிராஸ்மன் என்ற விடுதி உரிமையாளர் முன் பாடிக்காட்டி, வெறுங்கையோடு திரும்பி வந்ததும் வான் ராங்க் வாழ்க்கையில் நடந்ததுதான்.

ஆனால் ஆள் வேறு. வான் ராங்க் நண்பர்கள் சூழ வாழ்ந்தவர், பலருக்குக் கிதார் சொல்லிக்கொடுத்தவர், அரசியல் பேசியவர். 2004இல் வில்லேஜில் ஒரு தெருவுக்கே அவர் பெயர் வைத்தார்கள். படம் வந்தபோது அவருடைய முன்னாள் மனைவி டெரி தால், அந்தக் காலத்தின் தோழமையும் பாட்டின் மேல் இருந்த காதலும் படத்தில் இல்லையே என்று வருத்தப்பட்டு எழுதினார். வரலாறு என்று பார்த்தால் அவர் சொல்வது சரி. கோயன் சகோதரர்கள் அந்தக் காலத்தின் வரலாற்றை எழுத வரவில்லை. ஒரு நாட்டார் பாடகன் விடுதிக்கு வெளியே அடி வாங்குகிறான், ஏன் வாங்குகிறான் என்ற ஒற்றைக் கேள்வியிலிருந்து அவர்கள் தொடங்கினார்கள். அதற்கு அவர்கள் கண்டுபிடித்த விடை எனக்குப் பெரிதாகப் படுகிறது. அதைக் கடைசியில் சொல்கிறேன்.

முதலில் படம் நம்மைக் கேட்க வைக்கும் விதத்தைப் பார்ப்போம். கேஸ்லைட் விடுதியில் படம் தொடங்குகிறது. இது மக்டூகல் தெருவில் உண்மையாகவே இருந்த இடம். தரைமட்டத்துக்குக் கீழே ஓர் அறை. அங்கே கைதட்டினால் மேல்மாடிக் குடித்தனக்காரர்கள் சண்டைக்கு வந்துவிடுவார்கள் என்று, விரல் சொடுக்கித்தான் பாராட்டுவார்களாம். அப்பகுதியின் பல விடுதிகளில் பாடகருக்குச் சம்பளம் இல்லை. பாட்டு முடிந்ததும் ஒரு கூடை சுற்றிவரும், அதில் விழுவதே வருமானம். இந்த இடத்தில் லூவின், தூக்கு மேடை ஏறப்போகும் ஒருவன் பாடுவதாக அமைந்த பழைய பாட்டைப் பாடுகிறான். நடிகர் ஆஸ்கர் ஐசக் தானே கிதார் வாசித்து, படப்பிடிப்புத் தளத்திலேயே பாடுகிறார். அவருடைய கட்டைவிரல் கீழ்த்தந்திகளில் மாறி மாறி நடைபோட, மற்ற விரல்கள் மேல்தந்திகளில் மெட்டைக் கோக்கின்றன. தொடக்கம் முதல் முடிவு வரை முழுப் பாட்டு. திரைப்படங்களில் பாட்டைப் பாதியில் வெட்டிவிட்டு, கேட்பவரின் கண்ணீரைக் காட்டி, பாடியவர் மேதை என்று நம்மை நம்பவைக்கும் பழக்கம் உண்டு. இந்தப் படம் அப்படிச் செய்வதில்லை. முழுப் பாட்டையும் தந்து, தீர்ப்பை நம்மிடம் விட்டுவிடுகிறது. ஆகவே இவன் நல்ல பாடகன் என்பது எவர் சொல்லியும் அன்றி, நம் காதாலேயே நமக்குத் தெரிந்துவிடுகிறது. பின்னால் வரும் அவமானங்கள் எல்லாம் அதனால்தான் அப்படிச் சுடுகின்றன. இசைப் பொறுப்பை ஏற்ற டி போன் பர்னட்டுக்கும் இயக்குநர்களுக்கும் நாம் நன்றி சொல்ல வேண்டிய இடம் இது.

இனி பணக் கணக்குக்கு வருவோம். இந்தப் படத்தின் கருப்பு நகைச்சுவை பெரும்பாலும் கணக்குப் புத்தகத்தில்தான் நடக்கிறது. நண்பன் ஜிம்மின் துணைவி ஜீன் கருவுற்றிருக்கிறாள். அது லூவினுடையதாக இருக்கக்கூடும் என்ற அச்சம். கருக்கலைப்பு அங்கே அப்போது சட்டவிரோதம், ரகசியமாகச் செய்யும் மருத்துவருக்குப் பணம் வேண்டும். அந்த நேரத்தில் ஜிம், விவரம் எதுவும் தெரியாமல், லூவினுக்கு ஓர் ஒலிப்பதிவு வேலை பிடித்துத் தருகிறான். கொலம்பியா நிறுவனத்தின் ஒலிக்கூடம். பாட்டு, தன்னை விண்வெளிக்கு அனுப்பிவிடாதீர்கள் என்று குடியரசுத் தலைவர் கென்னடியிடம் ஒருவன் கெஞ்சும் கேலிப்பாட்டு. ஜிம் உற்சாகமாகப் பாட, ஆடம் டிரைவர் நடிக்கும் இன்னொரு பாடகன் ஆழ்ந்த குரலில் அர்த்தமற்ற ஒலிகளை இடையிடையே எழுப்புகிறான். லூவின் தாளைப் பார்த்து, இதை யார் எழுதியது என்று கேட்கிறான். நான்தான் என்கிறான் ஜிம். அரங்கம் விழுந்து விழுந்து சிரிக்கும் காட்சி இது. வேலை முடிந்ததும் உடனே ரொக்கம் வேண்டும் என்பதற்காக, ராயல்டி உரிமையை விட்டுக்கொடுத்து 200 டாலரை வாங்கிக்கொண்டு கையெழுத்துப் போடுகிறான் லூவின். அந்தப் பாட்டு பெரிய வெற்றியாகும் போலிருக்கிறது என்ற பேச்சு பின்னால் அவன் காதில் விழுகிறது.

அடுத்து மருத்துவரிடம் போகிறான். அவர் பணம் வேண்டாம் என்கிறார். முன்பு வேறொரு பெண்ணுக்காக லூவின் கட்டிய பணம் அப்படியே இருக்கிறதாம். அந்தப் பெண் கருவைக் கலைக்காமல், பிள்ளையைப் பெற்றுக்கொள்வதென்று அக்ரன் நகரத்துக்குப் போய்விட்டாளாம். இதை இரண்டு நிமிட உரையாடலில், வரவு செலவு பேசும் குரலில் படம் சொல்லிவிடுகிறது. எந்தத் தேவைக்காக ராயல்டியை விற்றானோ அந்தத் தேவையே இல்லை என்று ஆயிற்று. கூடவே, தனக்கு ஒரு குழந்தை இருக்கிறது என்ற செய்தியும் பாக்கிச் சில்லறையைப் போலக் கைக்கு வருகிறது. சிரிப்பதா வேண்டாமா என்று தெரியாமல் உட்கார்ந்திருப்போம். மிஞ்சிய பணமும் நிற்கவில்லை. பாட்டை விட்டுவிட்டு, முன்பு பார்த்த கப்பல் வேலைக்கே மீண்டும் போய்விடலாம் என்று, மாலுமிகள் சங்கத்தில் பாக்கி 148 டாலரைக் கட்டுகிறான். கப்பல் ஏறத் தேவையான உரிமத் தாளை, பழைய குப்பை என்று நினைத்து அக்கா தூக்கி எறிந்துவிட்டாள். எறியச் சொன்னதும் இவனேதான். கட்டிய பணம் திரும்பக் கிடைக்காது.

சிகாகோ காட்சியைச் சற்று நின்று பார்க்க வேண்டும். படத்தில் கிராஸ்மனின் முதற்பெயரை மட்டும் பட் என்று மாற்றியிருக்கிறார்கள். எஃப். மரே ஏபிரகாம் நடிக்கிறார். ‘கேட் ஆஃப் ஹார்ன்’ விடுதி, பகல் நேரம், காலி நாற்காலிகள். பனியில் நடந்து நனைந்த காலோடு வந்திருக்கிறான் லூவின். பாடு என்கிறார் கிராஸ்மன். இருக்கிற பாட்டுகளை எல்லாம் விட்டுவிட்டு அவன் ஜேன் அரசியின் சாவைப் பாடுகிறான். பேராசிரியர் ஃபிரான்சிஸ் ஜேம்ஸ் சைல்டு தொகுத்த 305 கதைப்பாடல்களில் 170ஆவது. எட்டாம் ஹென்றியின் மனைவி ஜேன் சீமோர் 1537இல் பிள்ளை பெற்ற சில நாட்களில் இறந்ததை ஒட்டி எழுந்தது. பாட்டில் அரசி நாள்கணக்கில் வலியில் துடிக்கிறாள், தன் விலாவைக் கிழித்தாவது குழந்தையைக் காப்பாற்றுங்கள் என்று மன்றாடுகிறாள். தனக்கு எங்கோ ஒரு குழந்தை உண்டு என்று சில நாட்களுக்கு முன்தான் அறிந்தவன், வேலை கேட்கப் போன இடத்தில் இதைப் பாடுகிறான். அவன் அதைப் பற்றி யாரிடமும் ஒரு சொல் சொல்வதில்லை. பாட்டுக்குள் போய்த்தான் சொல்ல முடிகிறது. கடைசி அடிகளில் கிதாரை நிறுத்திவிட்டு வெறும் குரலில் முடிக்கிறான்.

கிராஸ்மன் முகத்தில் எந்த அசைவும் இல்லை. இதில் பெரிய பணம் வரும் என்று தெரியவில்லை என்கிறார். கொடுமைக்காரர் இல்லை அவர், தன் தொழிலை அறிந்தவர். தாடியைச் சீராக்கிக்கொண்டால் தான் உருவாக்கிவரும் மூவர் குழுவில் சேர்த்துக்கொள்ளலாம் என்றும் சொல்கிறார். உண்மை வாழ்க்கையில் ஆல்பர்ட் கிராஸ்மன் 1961இல் அமைத்த மூவர் குழுதான் பீட்டர், பால் அண்ட் மேரி. அவர்களுடைய முதல் இசைத்தட்டு அடுத்த ஆண்டே அமெரிக்காவில் முதலிடம் பிடித்தது. லூவின் மறுத்துவிடுகிறான். அப்படியானால் பழைய கூட்டாளியோடு மறுபடி சேர்ந்து பாடு என்று அறிவுரை சொல்கிறார் கிராஸ்மன். கூட்டாளி இறந்துபோனது அவருக்குத் தெரியாது. நல்ல யோசனை என்று சொல்லிவிட்டு எழுந்து போகிறான் லூவின். படத்தில் இதைவிடக் கறுப்பான நகைச்சுவை வேறில்லை.

தந்தையைப் பார்க்கப் போகும் காட்சியும் இதே வகைதான். முதியோர் இல்லத்தில் பேச்சற்று அமர்ந்திருக்கும் பழைய மாலுமி. உங்களுக்குப் பிடித்த பாட்டு என்று மகன் ஹெர்ரிங் மீன்பிடிப்பைப் பற்றிய பாட்டைப் பாடுகிறான். தந்தையின் முகத்தில் ஏதோ அசைவது போல இருக்கிறது. பாட்டு சென்று சேர்ந்துவிட்டது என்று நாமும் நம்புகிறோம். அடுத்த நொடி தெரிகிறது, அவர் உட்கார்ந்த இடத்திலேயே மலம் கழித்திருக்கிறார். இந்தப் பாட்டு உண்மையில் பழையது இல்லை. பி.பி.சி. வானொலியின் ‘சிங்கிங் தி ஃபிஷிங்’ நிகழ்ச்சிக்காக 1960இல் ஈவான் மக்கால் எழுதியது. கால வரிசைப்படி பார்த்தால் படத்தில் இது பிசகுதான். ஆனால் சாம் லார்னர் என்ற முதிய மீனவரின் பேச்சைக் கேட்டு, அவர் வாய்ச்சொற்களைக் கொண்டு மக்கால் கட்டிய பாட்டு இது. பலர் அதைத் தலைமுறை தலைமுறையாக வந்த பாட்டென்றே நம்பிப் பாடினார்கள். எழுதியவர் உயிரோடு இருக்கும்போதே அவருடைய பெயரை உதறிவிட்டுப் பாட்டு நடந்துபோய்விட்டது.

இப்போது டிங்க்கின் பாட்டுக்கு வருகிறேன். படத்தில் லூவினும் மைக்கும் சேர்ந்து பதிவுசெய்த பாட்டு அது. விடைபெறும் பாட்டு. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், டெக்சாஸில் பிராசோஸ் ஆற்றங்கரையில், கரை கட்டும் தொழிலாளர் முகாமில் ஜான் லோமாக்ஸ் என்ற பாட்டுச் சேகரிப்பாளர் ஒரு கறுப்பினப் பெண்ணைச் சந்திக்கிறார். தன் ஆணின் துணிகளைத் துவைத்துக்கொண்டிருந்த அந்தப் பெண்ணின் பெயர் டிங்க். ஊருக்குத் தெரிந்த முழுப் பெயரே அவ்வளவுதான். ஜின் ஒரு புட்டி வாங்கிக் கொடுத்த பிறகு அவள் பாடியதாக லோமாக்ஸ் எழுதியிருக்கிறார். அவள் குரல் பதிந்த உருளை உடைந்துபோயிற்று. பல ஆண்டுகள் கழித்து மிசிசிப்பியில் அவளைத் தேடிப்போனபோது, அவளைப் புதைத்தாயிற்று என்ற செய்திதான் கிடைத்தது. 1934இல் லோமாக்ஸும் அவர் மகனும் வெளியிட்ட தொகுப்பில் அந்தப் பாட்டு அச்சேறியது. அதன் பிறகு எத்தனையோ புகழ்பெற்ற குரல்கள் அதைப் பாடிவிட்டன. டிங்க்குக்குக் கிடைத்தது அந்த ஒரு புட்டிதான். நாட்டார் பாடல்களைக் களத்தில் தேடி அலைந்தவர்கள் இந்த அவையில் இருக்கிறீர்கள், இதற்கு மேல் நான் விளக்க வேண்டியதில்லை.

படத்தில் கோர்ஃபைன் என்ற பேராசிரியர் வீட்டு விருந்தில் லூவினைப் பாடச் சொல்கிறார்கள். டிங்க்கின் பாட்டைத் தொடங்குகிறான். அன்பு மிகுந்த திருமதி கோர்ஃபைன் மைக் பாடிவந்த இரண்டாம் குரலில் சேர்ந்துகொள்கிறார். லூவின் வெடித்துவிடுகிறான். அது மைக்கின் பகுதி, இது என் பிழைப்பு, விருந்துக்கு வித்தை காட்ட வரவில்லை என்று கத்துகிறான். நண்பனை இழந்தவனின் துயரம் எனக்குப் புரிகிறது. ஆனால் யாரும் சேர்ந்து பாடலாம் என்பதற்காகவே உயிரோடு இருக்கும் ஒரு பாட்டுக்கு அவன் அங்கே வேலி போடுகிறான். டிங்க்குக்கு இல்லாத உரிமையை மைக்குக்குக் கேட்கிறான். அந்த அம்மையார் அழுதுகொண்டு உள்ளே போகிறார். திரும்பி வந்து, தொலைந்துபோன தங்கள் பூனை என்று லூவின் தேடிப்பிடித்துக் கொண்டுவந்தது தங்கள் பூனையே இல்லை என்று கூச்சலிடுகிறார். அவர்களுடையது ஆண் பூனை.

வான் ராங்க் வாழ்க்கையிலும் இப்படி ஒரு வேலிச் சண்டை உண்டு. ‘ஹவுஸ் ஆஃப் தி ரைசிங் சன்’ என்ற பழைய பாட்டுக்கு அவர் புதிய கிதார் இசைவு ஒன்றை அமைத்திருந்தார். தானே பதிவுசெய்யும் எண்ணமும் இருந்தது. இளைஞன் பாப் டிலன் அதைக் கேட்டுப் பழகி, முன்கூட்டிச் சொல்லாமல், 1962இல் வந்த தன் முதல் இசைத்தட்டில் பாடிவிட்டார். பிறகு வான் ராங்க் பாடினால், டிலனுடைய பாட்டைப் பாடுகிறாயே என்றார்கள். 1964இல் இங்கிலாந்தின் அனிமல்ஸ் குழு அதைப் பாடி உலகப் புகழ் பெற்றது. அதன்பின் டிலன் பாடினால், அனிமல்ஸின் பாட்டா என்றார்கள். இதை வான் ராங்க்கே பிற்காலத்தில் சிரித்துக்கொண்டு சொன்னார். 1937இல் கென்டக்கி மாநிலத்தின் மிடில்ஸ்பரோ ஊரில், ஜான் லோமாக்ஸின் மகன் ஆலனின் ஒலிப்பதிவுக் கருவி முன் அதைப் பாடிய 16 வயதுப் பெண் ஜார்ஜியா டர்னரின் பெயரை எடுத்தவர்கள் மிகச் சிலர்.

இனி, அவன் ஏன் அடி வாங்கினான் என்ற கேள்வி. படத்தின் தொடக்கத்தில் இருட்டுச் சந்தில் ஒருவன் லூவினை அடித்துப் போடுகிறான். காரணம் கடைசியில்தான் தெரிகிறது. முந்தைய இரவு கேஸ்லைட்டில் ஒரு பெண் பாட வருகிறாள். ஆர்கன்சா மாநிலத்துக்காரி, நடுத்தர வயது, மடியில் ஆட்டோஹார்ப். மேடைப் பழக்கம் இல்லாத கூச்சம் முகத்தில் தெரிகிறது. கசப்பும் குடியும் தலைக்கேறிய லூவின் அவளை நோக்கிக் கத்துகிறான், அசிங்கமாகக் கேலி செய்கிறான், ஆட்கள் அவனை வெளியே இழுத்துப் போகிறார்கள். மறுநாள் அவனை அடிப்பவன் அந்தப் பெண்ணின் கணவன்.

கிரீன்விச் வில்லேஜ் இளைஞர்கள் இசைத்தட்டிலும் புத்தகத்திலும் தேடிப் படித்த பாட்டுகள் எந்த வீடுகளில் பிறந்தனவோ, அந்த வீடுகளிலிருந்து வந்தவள் அவள். படத்தில் வருபவர்களில் டிங்க்குக்கு மிக நெருங்கியவள். இரவுக்கு இரவு டிங்க்கின் துயரத்தைப் பாடுகிறவன், அவளுடைய தங்கை போன்ற ஒருத்தி நேரில் வந்து அமர்ந்தபோது அடையாளம் தெரியாமல் காறி உமிழ்ந்துவிட்டான். தன்னை உலகம் கேட்கவில்லை என்று வெந்துபோனவன், தான் கேட்க வேண்டிய ஒருத்தியைக் கேட்கவில்லை. பொதுவாகக் கடைசிக் காட்சியில் மேடையேறும் இளைஞன் டிலனைப் பற்றித்தான் எல்லாரும் பேசுவார்கள். 1961 ஜனவரியில் டிலன் நியூயார்க் வந்தார். அதே ஆண்டு செப்டம்பர் 29 அன்று நியூயார்க் டைம்ஸ் இதழில் ராபர்ட் ஷெல்டன் அவரைப் பாராட்டி எழுதினார். அதெல்லாம் உண்மைதான். லூவின் சந்தில் விழுந்து கிடக்கையில் உள்ளே டிலன் பாடுவது மனத்தைப் பிசையும் காட்சிதான். ஆனால் அது காலத்தின் தற்செயல். படத்தின் நீதி அந்த ஆர்கன்சா பெண்ணிடம் இருக்கிறது என்றே நான் கருதுகிறேன். லூவினைக் கோயன் சகோதரர்கள் அளவற்ற பரிவோடு பார்க்கிறார்கள். அதே பரிவு காரணமாகத்தான் அவனைக் குற்றமற்றவனாகக் காட்ட மறுக்கிறார்கள்.

முழுப் பாட்டுகளைக் கேட்கச் செய்யும் இந்தப் படத்தில், அவளுடைய பாட்டை மட்டும் நாம் ஒழுங்காகக் கேட்க முடிவதில்லை. அந்தப் பாத்திரத்தில் தோன்றுபவர் நான்சி பிளேக், மரபிசையில் ஊறிய கலைஞர். அவர் பாடுவது கார்ட்டர் குடும்பத்தார் 1927இல் பதிவுசெய்த பாட்டு. அக்குடும்பத்தின் ஏ. பி. கார்ட்டர் மலை மலையாக ஏறி இறங்கிப் பாட்டுச் சேகரித்தபோது உடன் நடந்து மெட்டுகளை நினைவில் ஏற்றி வந்தவர் லெஸ்லி ரிடில் என்ற கறுப்பினக் கலைஞர். இசைத்தட்டுகளில் அவருடைய பெயர் இல்லை. படத்தின் பாடல் தொகுப்பில் நான்சி பிளேக்கின் பாட்டு முழுமையாக இருக்கிறது. வீட்டுக்குப் போனதும் ஒருமுறை கேளுங்கள். வரிசையில் 11ஆவதாக வரும். அதற்கு அடுத்தது, ஆஸ்கர் ஐசக் தனியாகப் பாடும் டிங்க்கின் பாட்டு.